கோப்பை மாவும் நிறுவை மாவும்: வர்த்தகர்களுக்கு ஒரு கணக்குப் பாடம்

நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாட்களே இருக்கையில், நம்மவர் ஒருவருடைய மளிகைக் கடையில் ஒரு சிறு வழக்கு உண்டாயிற்று. நெடுநாள் வாடிக்கைக்கார அம்மையார் ஒருவர், பலகாரம் செய்ய நான்கு கோப்பை கோதுமை மாவு வேண்டும் என்று கேட்டார். ஒரு கோப்பை மாவு 125 கிராம் என்று எங்கோ கேட்டு வைத்திருந்த கடைக்காரர், 500 கிராம் நிறுத்துக் கட்டிக் கொடுத்தார். மறுநாள் காலையில் அம்மையார் திரும்பி வந்தார். “நானா, மூணு கோப்பையும் கொஞ்சமுந்தான் இருந்துச்சு. நோன்பு மாசத்துல இப்படிக் குறைக்கலாமா?” என்றார். “லாத்தா, அரைக் கிலோவுக்கு ஒரு கிராம் குறையலையே!” என்று நம்மவர் தராசைக் காட்டினார். இருவரும் உண்மையே பேசினார்கள். ஆயினும் ஒருவர் மனம் நொந்து போனார். மற்றவர் ஒரு வாடிக்கையை இழக்கப் பார்த்தார்.

இந்த வழக்கை நாம் அற்பமென்று தள்ளலாகாது. மளிகை, ரொட்டிக் கடை, உணவகம், பலகார வியாபாரம் ஆகியவற்றில் ஈடுபட்டுள்ள நம் சகோதரர்கள் பலர் மாவை நிறுத்து வாங்குகிறார்கள், முகந்து செலவழிக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள கணக்கு சரியாகத் தெரியாவிட்டால், ஒன்று நம் பணம் போகும், இல்லாவிட்டால் நம் பெயர் போகும். ஆகவே இம்மாதப் பாடமாக இதனை எடுத்துக் கொள்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் நிறுத்தலளவை என்றும் முகத்தலளவை என்றும் இரண்டு வாய்பாடுகள் படித்தோம். முன்னது ஒரு பொருள் எவ்வளவு கனம் என்பதைச் சொல்லும். பின்னது அப்பொருள் எவ்வளவு இடத்தை அடைத்துக் கொள்கிறது என்பதைச் சொல்லும். தண்ணீரில் இரண்டுக்கும் பேதமில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ. சீனியிலும் தொல்லை குறைவு. அதன் மணிகள் கெட்டியானவை. அமுக்கினாலும் அதிகம் அடங்குவதில்லை. 250 மில்லிலிட்டர் கோப்பையில் சீனி எப்படிப் போட்டாலும் 200 கிராமுக்குச் சற்று மேலே நிற்கும்.

மாவு அப்படியன்று. அது தூள், தூளுக்கும் தூளுக்கும் இடையே காற்று. சலித்த மாவில் காற்று மிகுதி. மூட்டையின் அடியில் பல நாள் அழுந்திக் கிடந்த மாவில் காற்று கொஞ்சம். ஆகவே ஒரே கோப்பையில், ஒரே மூட்டை மாவை, ஒரே மனிதர் நான்கு விதமாக நிரப்பலாம். சலித்த மாவை மெல்லத் தூவி நிரப்பித் தலைதட்டினால் 110 அல்லது 115 கிராம் பிடிக்கும். கரண்டியால் அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் 125 முதல் 130. கோப்பையையே மாவுக்குள் விட்டு முகந்து தலைதட்டினால் 145 முதல் 155. முகந்ததை மேசைமேல் தட்டிக் குலுக்கி, மேலும் நிரப்பினால் 170க்கும் மேலே போகும். இவை ஏறக்குறைய சொன்ன கணக்குகள்தாம். மாவுக்கு மாவு சிறிது மாறும். ஆனால் முதலுக்கும் கடைசிக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்: பாதிக் கோப்பைக்குச் சமம்!

நம் அம்மையார் வீட்டில் செய்தது மூன்றாவது விதம். அவர் பைக்குள் கோப்பையை விட்டு முகந்தார். கோப்பைக்கு 150 கிராம் ஏறியது. 500ஐ 150ஆல் வகுத்தால் மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் வரும். அவர் சொன்ன “மூணும் கொஞ்சமும்” அதுவே.

இனி, கோப்பை என்றால் எந்தக் கோப்பை என்ற கேள்வி இருக்கிறது. நம் நாடுகளில் விற்கும் அளவுக் கோப்பை பெரும்பாலும் 250 மில்லிலிட்டர். அமெரிக்கச் சமையற் புத்தகத்தின் கோப்பை சுமார் 237. சோற்று மின்பானையோடு வரும் பிளாஸ்டிக் கோப்பையோ 180 மில்லிலிட்டர்தான். அது ஜப்பானிய அரிசி அளவு. வீடுகளில் அதை எடுத்து மாவளக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அதற்கு மேலே ஒரு பொறி, பால் டின். பழைய ரொட்டிக் கடைகளில் மாவுக்கும் சீனிக்கும் பால் டின்தானே அளவு! 397 கிராம் பிடிக்கும் பழைய 14 அவுன்ஸ் டின்னின் கொள்ளளவு ஏறக்குறைய 300 மில்லிலிட்டர். ஏனெனில் இனிப்புப் பால் தண்ணீரைவிட 1.3 மடங்கு கனம். இன்று மலேசியாவில் 500 கிராம் டின் சாதாரணமாகக் கிடைக்கிறது. அது 385 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அத்தா காலத்துக் குறிப்பேட்டில் “மாவு 6 டின்” என்றிருப்பதை மகன் புதிய டின்னால் அளந்தால், கரண்டியால் நிரப்பிய கணக்கிலேயே 900 கிராமுக்குப் பதில் 1,150 கிராம் விழும். பிறகு “அத்தா கைப்பக்குவம் வரவில்லை” என்று வருந்துவதில் என்ன பயன்? பிழை கையில் இல்லை, டின்னில் இருக்கிறது.

குறிப்பேடு இன்னும் பழையதாயின் சுப்பாக்கும் காட்டியும் வரும். ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கு கந்தாங் என்பது ஒரு இம்பீரியல் காலன், அதாவது 4.546 லிட்டர் என்று நிலைப்படுத்தப்பட்டது. அதில் நான்கில் ஒன்று சுப்பாக்; 1.136 லிட்டர். நிறுவையில் 16 தாஹில் ஒரு காட்டி, 604.8 கிராம், 100 காட்டி ஒரு பிக்கல். 1970களில் இரு நாடுகளும் மெட்ரிக் அளவைக்கு மாறத் தொடங்கின. மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் அதற்கு வழி செய்தது. பழைய சுப்பாக்கில் மாவை லேசாக நிரப்பித் தலைதட்டினால் ஏறத்தாழ ஒரு காட்டி நிற்கும் என்பது கணக்கில் அழகாக அமைகிறது. குலுக்கினால் அந்த அழகு போய்விடும்.

இந்தச் சிக்கல் நமக்குத்தான் புதிது; நம் மார்க்க அறிஞர்களுக்குப் பழையது. குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்துக்குப் பெயரே அளவில் மோசம் செய்வோர் என்பது. அதன் தொடக்கம் அளந்து கொடுப்பதையும் நிறுத்துக் கொடுப்பதையும் தனித்தனியே குறிப்பிட்டு எச்சரிக்கிறது. இரண்டும் வெவ்வேறு கருவி, வெவ்வேறு பிழை என்பதை வியாபாரி இதில் உணர வேண்டும். முகத்தலளவைக்கு மதீனாவாசிகளையும் நிறுத்தலளவைக்கு மக்காவாசிகளையும் முன்மாதிரியாகக் கொள்ளுமாறு கருத்துத் தரும் நபிமொழி ஒன்றும் உண்டு. மதீனாவார் விவசாயிகள், பேரீச்சம் பழத்தையும் தானியத்தையும் முகந்தவர்கள். மக்காவார் வணிகர்கள், பொன் வெள்ளியை நிறுத்தவர்கள் என்று இதற்கு அறிஞர்கள் விளக்கம் சொல்வர்.

ஹனபீ சட்ட நூல்களில் பெயர் பெற்ற ஹிதாயாவை இயற்றிய இமாம் மர்ஃகீனானீ (ரஹ்) 1197இல் மறைந்தவர். கோதுமையைக் கோதுமை மாவுக்கு மாற்றாக விற்பது, அளவு சமமாக இருந்தாலும் கூடாது என்று அந்நூலில் வருகிறது. காரணம் என்ன தெரியுமா? மாவு மரக்காலுக்குள் நெருங்கி அடைந்து கொள்கிறது, கோதுமை மணிகளோ இடைவெளி விட்டு நிற்கின்றன. ஆகவே ஒரே மரக்கால் இரண்டையும் சமப்படுத்தாது என்பதே. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சட்ட அறிஞர், இன்றைய ரொட்டிக் கடைக்காரர் திணறும் இடத்தில் விரல் வைத்துக் காட்டியிருக்கிறார்! நாம் இதைப் படித்தபோது சற்று வெட்கமடைந்தோம்.

நோன்புப் பெருநாளையொட்டி வரும் ஃபித்ராவிலும் இதே கணக்குத்தான். ஃபித்ரா ஒரு ஸாஉ என்பது முகத்தலளவை. நான்கு முத்து ஒரு ஸாஉ. அதை ரத்ல் என்னும் நிறுவைக்குக் கொண்டுவரும்போது ஷாபிஈ மத்ஹபினர் ஐந்தும் மூன்றில் ஒன்றும் என்றனர். இமாம் அபூ ஹனீபா (ரஹ்) எட்டு என்றார்கள். இரண்டும் பக்தாது ரத்ல். பவுண்டுக்கு நம் முன்னோர் வழங்கிய ராத்தல் என்ற சொல்லும் இந்த அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. ஆனால் எடை ஒன்றல்ல. இமாம் அபூ ஹனீபாவின் மாணவரும், கலீபா ஹாரூன் ரஷீதின் தலைமைக் காழியுமான இமாம் அபூ யூசுப் (ரஹ்) மதீனா சென்றபோது, ஸாஉ எவ்வளவு என்று விசாரித்தார்கள். அங்குள்ள முதியோர் பலர் தத்தம் வீட்டில் வழிவழியாக இருந்த மரக்கால்களை மறுநாள் கொண்டுவந்து காட்டினர். இமாமவர்கள் அவற்றை ஒப்பிட்டுச் சோதித்து, ஐந்தும் மூன்றில் ஒன்றுமே சரியென்று கண்டு, தம் ஆசிரியரின் எண்ணை விட்டுவிட்டார்கள் என்று வரலாறு கூறுகிறது. கேள்விப்பட்ட எண்ணை நம்பாமல் மரக்காலைக் கொண்டுவரச் செய்து அளந்து பார்த்த அந்த முறையைத்தான், கீழே நாம் மாவுக்குச் சொல்லப் போகிறோம்.

மாவைப் பற்றியே இரு மத்ஹபிலும் ஒரு பேதம் உண்டு. ஹனபீயில் ஃபித்ராவுக்குக் கோதுமை அரை ஸாஉ. கோதுமை மாவும் அவ்வாறே கொடுக்கலாம். ஷாபிஈயில் தானியமாகவே கொடுக்க வேண்டும், மாவு செல்லாது. காயல், கீழக்கரை சகோதரர்களும் ராவுத்தர் சகோதரர்களும் ஒரே தெருவில் கடை வைத்திருக்கும் ஊர்களில் இதைத் தெரிந்திருப்பது நல்லது. சிங்கப்பூரில் ஃபித்ராவுக்கு அரிசி 2.3 கிலோ என்றும், மலேசிய மாநிலங்களில் 2.6, 2.7 கிலோ என்றும் கேள்விப்பட்டுக் குழம்புவோர் உளர். ஒரு கொள்ளளவை நிறுவையாக மாற்றும்போது, மரக்காலின் அளவை மதிப்பிடுவதிலும் அரிசியின் தன்மையிலும் வரும் வித்தியாசம் இது. யாரும் யாரையும் குறை சொல்ல இடமில்லை. அந்தந்த நாட்டு மார்க்க மன்றம் அறிவித்தபடி கொடுப்பதே முறை. ஆனால் மலேசியாவில் ஃபித்ராவுக்குச் சொல்லப்படும் பக்தாது கந்தாங் வேறு, மேலே சொன்ன 4.546 லிட்டர் கந்தாங் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் மயங்க வேண்டாம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். உங்கள் கடையில் உபயோகிக்கும் கோப்பை அல்லது டின்னை நன்றாகத் துடைத்து, மின்தராசின் மேல் வைத்து, அதன் எடையைக் கழித்து முள்ளைச் சைபருக்குக் கொண்டு வாருங்கள். பிறகு அன்றாடம் மாவை எடுக்கும் கை எவருடையதோ அவரையே எடுக்கச் சொல்லுங்கள். முதலாளி நின்று பார்க்கிறார் என்று புதிதாகப் பக்குவம் காட்ட வேண்டாம், வழக்கம்போல் எடுக்கட்டும். கத்தியின் முதுகால் தலைதட்டி நிறுத்து எழுதுங்கள். மாவைத் திரும்ப மூட்டையில் கொட்டிவிட்டு மறுபடியும் எடுக்கட்டும். இப்படிப் பத்து முறை. பத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் வருவதே உங்கள் கடையின் எண்.

பேச்சுக்கு, பத்துக் கோப்பையும் சேர்ந்து 1,430 கிராம் வந்தால் உங்கள் எண் 143. இனி உங்கள் கடையில் “இரண்டு கோப்பை” என்று எழுதியிருக்கும் இடமெல்லாம் 286 கிராம் என்று மாற்றி எழுதிக் கொள்ளலாம். அதற்குப் பிறகு கோப்பையைத் தூக்கி வைத்துவிட்டுத் தராசில் வேலை செய்யலாம். பலகாரத்தின் ருசி மாறாது. ஏனெனில் இத்தனை நாளும் நீங்கள் போட்ட மாவு அதுவே. புத்தகத்தில் 125 என்று போட்டிருக்கிறதே என்று உங்கள் பழைய பக்குவத்தைப் புத்தக எண்ணால் மாற்றினால்தான் ருசி கெடும். இந்த இடத்தில் பலரும் தவறுகிறார்கள்.

எழுதிய பத்து எடைகளில் மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பத்துக் கிராமுக்குள் இருந்தால் கை நிதானமானது. முப்பது நாற்பது இருந்தால் அந்தக் கையைக் கோப்பையோடு விடாதீர்கள். மேல்மாவையும் அடிமாவையும் தனித்தனியே சோதிப்பதும் நன்று. மூட்டையைக் கொட்டியவுடன் எடுக்கும் மாவு காற்றோடு இருக்கும். மறுநாள் அதே பீப்பாயின் அடியில் எடுப்பது கனக்கும். காலையில் வீசிய ரொட்டி மெதுவாகவும் மாலை ரொட்டி விறைப்பாகவும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தராசே பொய் சொன்னால் என்ன செய்வது? ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றி நிறுத்துப் பார்த்தால் பெரும்பிழை தெரிந்துவிடும். ஆயினும் அடுப்படித் தராசு வேறு, வியாபாரத் தராசு வேறு. பிறருக்கு நிறுத்து விற்கும் தராசு இரு நாடுகளிலும் சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பலகாரக் கணக்குக்கு வாங்கிய சிறு தராசைக் கடை மேசைக்குக் கொண்டுவந்து விற்பனை செய்யாதீர்கள்.

பணக்கணக்கைப் பார்ப்போம். பெருநாளுக்கு நூறு கேக் செய்து தர ஒருவர் ஒப்புக் கொள்கிறார். ஒரு கேக்குக்கு இரண்டு கோப்பை. கோப்பைக்கு 125 கிராம் என்று எண்ணி, 25 கிலோ மூட்டை ஒன்று போதும் என விலை போட்டுவிட்டார். அவர் கையோ 150 கிராம் எடுக்கும் கை. 83 கேக் ஆனதும் மூட்டையில் 100 கிராம் மிஞ்சும். இன்னும் 17 கேக்குக்கு ஐந்து கிலோ மாவு வேண்டும், கடை அடைத்த நேரத்தில்! மாவு கிடைத்தாலும் செய்த 83 கேக்கும் சற்று வறண்டே இருக்கும். ஏனெனில் முட்டையும் வெண்ணெயும் சீனியும் 125 கிராம் கணக்குக்குச் சொல்லப்பட்டவை.

ரொட்டி மாவில் இது இன்னும் கடுமையாகத் தெரியும். ரொட்டித் தொழிலில் மாவை 100 என்று வைத்து மற்றவற்றை அதன் விகிதமாகச் சொல்வது வழக்கம். மாவு 1 கிலோ, தண்ணீர் 600 கிராம் என்றால் தண்ணீர் நூற்றுக்கு 60. அதே தண்ணீருக்குக் கோப்பைக் கணக்கில் மாவு 1,200 கிராம் விழுந்துவிட்டால் தண்ணீர் நூற்றுக்கு 50 ஆகிவிடும். அந்த மாவு கல்லுப்போல் நிற்கும். வீசினால் விரியாது, கிழியும். வேலையாள் தண்ணீரைக் கையளவாகத் தெளித்துச் சரிசெய்வார். பிறகு உப்பு குறையும், உப்பைக் கூட்டுவார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ரொட்டி.

நிறுவையும் முற்றிலும் மாறாதது என்று நாம் சொல்ல மாட்டோம். மாவில் ஈரம் உண்டு. நம் நாட்டுக் காற்றில் திறந்து வைத்தால் கூடும், குளிர்சாதன அறையில் குறையும். சர்வதேச உணவுத் தரநிலை கோதுமை மாவுக்கு நூற்றுக்கு 15.5 பங்குக்கு மேல் ஈரம் கூடாது என்கிறது. ஆனால் ஈரத்தால் வரும் வித்தியாசம் சில கிராம். கையால் வருவது பல பத்துக் கிராம். மூட்டையை மூடி வைத்தால் முதலாவதைப் பெரும்பாலும் தடுத்து விடலாம்.

கடையில் யாராவது “நான்கு கோப்பை” என்று கேட்டால் எவ்வளவு கொடுப்பது? கோப்பைக் கணக்கில் விற்கவே கூடாது என்பது நம் அபிப்பிராயம். கிராமில் விலை சொல்லி, கிராமில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் கேட்பவரை வெறுமனே அனுப்பக் கூடாது. “பைக்குள் விட்டு முகப்பீர்களா, கரண்டியால் போடுவீர்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முகப்பவர் என்றால் 600 கிராம், கரண்டியால் போடுபவர் என்றால் 500 கிராம் எடுத்துக் கொள்ளச் சொல்லுங்கள். விலையும் அவர் எடுக்கும் எடைக்கே. நம்மவர் அந்த அம்மையாரிடம் தம் கடைக் கோப்பையைக் கொடுத்து, அவர் வீட்டில் செய்வதுபோலவே ஒரு கோப்பை முகக்கச் சொல்லித் தராசில் வைத்துக் காட்டினார். முள் 152இல் நின்றது. அம்மையார் சிரித்துவிட்டு இன்னும் நூறு கிராம் வாங்கிக் கொண்டு போனார். அந்த நூறு கிராமுக்கும் அவரே காசு கொடுத்தார்.

அரிசி மாவுக்கும் கடலை மாவுக்கும் மேலே கண்ட எண்கள் ஆகமாட்டா. இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் இடிக்கும் ஈர மாவு ஒரு கணக்கு, வறுத்த மாவு ஒரு கணக்கு, கடையில் பொட்டலமாக வரும் மாவு மற்றொரு கணக்கு. ஒவ்வொன்றுக்கும் தனியே பத்து முறை எடுத்து எண் காண வேண்டும். மாவு ஆலையை மாற்றினாலும், வேலையாள் மாறினாலும், கோப்பை உடைந்து புதிது வாங்கினாலும் அன்றே மறுபடி சோதித்து, பழைய எண்ணை அடித்துத் தேதியோடு புதிய எண்ணை எழுதி, தராசுக்கு மேலே சுவரில் ஒட்டி வையுங்கள்.